படம் வரையப் பழக, முதலில் ஒரு மாம்பழம் வாங்குங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல், மாம்பழம் ஒன்று வரையுங்கள். அரை நிமிடம் போதும். அப்புறம் கடைக்குப் போய் ஒரு மல்கோவா வாங்கி வந்து மேசையில் வைத்து, அதைப் பார்த்து இன்னொன்று வரையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் பெரும்பாலும் வந்திருப்பது புடவை பார்டரில் வரும் மாங்காய்தான்: ஒரு பக்கம் குண்டு, மறுபக்கம் வளைந்த மூக்கு. மேசையில் இருக்கும் மல்கோவாவோ கிட்டத்தட்ட உருண்டை. மூக்கு என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இருக்காது, காம்புப் பக்கம் தோள் கொஞ்சம் தூக்கி நிற்கும், தோல் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். வருஷம் தவறாமல் மாம்பழம் தின்று வளர்ந்த சேலத்துக்காரரிடம் பார்க்காமல் வரையச் சொன்னாலும் புடவை மாங்காய்தான் வரும்.

படம் வரையக் கற்றுக்கொள்வதில் முதல் பாடம் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் மனசு ஒரு சுருக்கக் குறியைச் சேர்த்து வைத்திருக்கிறது. கண் என்றால் இலை வடிவமும் நடுவில் ஒரு வட்டமும், வீடு என்றால் ஒரு பெட்டியும் மேலே கூரையும், மலை என்றால் இரண்டு முக்கோணத்துக்கு நடுவில் ஒரு சூரியன். பேனா பிடித்த கை அந்தக் குறியைத்தான் எழுதிவிட்டுப் போகிறது. "எனக்கு வரைய வராதுங்க" என்று சொல்கிற பலருக்குக் கையில் ஒரு குறையும் கிடையாது, எதிரில் இருப்பதைப் பார்ப்பதை நடுவிலேயே நிறுத்திவிட்டு மீதியை ஞாபகத்திலிருந்து முடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். இது பயிற்சியால் மாறும். நான் கீழே சொல்லப்போகிற பயிற்சிகள் எல்லாம் முதலில் கண்ணுக்கு, அப்புறம் கைக்கு, கடைசியில் எதை வரைவது எதை விடுவது என்று முடிவெடுக்கும் புத்திக்கு.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் இல்லஸ்ட்ரேஷன் சாதாரணப் படத்திலிருந்து பிரிகிறது. இல்லஸ்ட்ரேஷன் என்றால் ஒரு கதைக்கோ கட்டுரைக்கோ பாடத்துக்கோ துணையாக நிற்கிற படம். அழகாக இருந்தால் மட்டும் போதாது, எதையாவது சொல்ல வேண்டும். அம்புலிமாமா சிறுவர் இதழில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். கையில் வாள், தோளில் தொங்கும் வேதாளம், சுற்றிலும் இருட்டு. கதையை ஒரு வரிகூடப் படிக்காத குழந்தைக்கும் அந்த ஒரு படத்திலேயே புரிந்துவிடும், இந்த ஆள் பயப்படமாட்டான், விடமாட்டான் என்று. வாளைப் பிடித்திருக்கும் விதத்திலும் முன்னே வைத்த காலிலும்தான் அது இருக்கிறது. அப்படி ஒரு படம் போட நாம் எவ்வளவோ பழக வேண்டும், ஆனால் போகும் பாதை இதுதான்.

சாமான் அதிகம் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் போடுகிற சாதாரண ஏ4 தாள் ஒரு கட்டு, ஒரு 2பி பென்சில், அதைவிடக் கறுப்பாக எழுதும் ஒரு 6பி பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா. விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக்கை முதலில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல தாளில் கை நடுங்கும், வீணாகிவிடுமோ என்று யோசித்து யோசித்தே வரையாமல் போய்விடும். ரப்பரை முதல் சில வாரம் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். கோடு தப்பினால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்கள், தப்பிய கோடும் அங்கேயே இருக்கட்டும், அதைப் பார்த்துத்தான் அடுத்த கோடு சரியாகும்.

முதல் பயிற்சி வெறும் கோடு. இதை எல்லோரும் அலுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள், தாண்டக் கூடாது. தாளில் இரண்டு புள்ளி வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் நீளக் கோடு கட்டாயம் வளையும், ஏனென்றால் மணிக்கட்டு ஒரு மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். நீளமான கோட்டுக்குத் தோள்பட்டையிலிருந்து முழுக் கை நகர வேண்டும். மார்கழி மாதம் காலையில் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள், குனிந்த நிலையில் முழுக் கையும் சுற்றி வரும், கோடு நடுவில் தயங்காது, கண் கை இருக்கும் இடத்தில் இல்லாமல் அடுத்த புள்ளியில் இருக்கும். படத்துக்கான கோடும் இதே மாதிரிதான். போடும் முன் பேனாவைத் தாளில் படாமல் இரண்டு மூன்று முறை அதே பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மூச்சை விட்டுக்கொண்டே போடுங்கள். முடிபோல் துண்டு துண்டாக ஒட்டிய கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒரு பக்கம் நேர்க்கோடு, ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் வட்டம் என்று தினமும் உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம் இதைச் செய்துவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

அடுத்தது விளிம்பைப் பார்த்து வரைவது. இதற்கு நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளிக் கிழங்கு அருமையான பொருள், ஏனென்றால் மரவள்ளிக் கிழங்குக்கு யார் மனசிலும் ஒரு குறி கிடையாது. எப்படி வளைந்திருக்கிறது, எங்கே தடித்து எங்கே சிறுத்திருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும். கிழங்கின் விளிம்பில் ஓர் இடத்தில் கண்ணை வைத்து, ஒரு எறும்பு அந்த விளிம்பில் நடந்தால் எவ்வளவு மெதுவாகப் போகுமோ அவ்வளவு மெதுவாகக் கண்ணை நகர்த்துங்கள். கண் நகர்கிற வேகத்திலேயே பேனாவும் நகரட்டும். தாளைப் பார்க்கவே கூடாது. கிழங்கு ஒரு பள்ளத்தில் இறங்கினால் பேனாவும் இறங்க வேண்டும். முடிந்தபின் பார்த்தால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல், படம் தாறுமாறாகத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் துண்டு துண்டாகப் பாருங்கள், ஒரு கணு, ஒரு வளைவு, தோல் உரிந்த ஓர் இடம், அதில் இருக்கும் உயிர் உங்கள் மற்ற எந்தப் படத்திலும் இருந்திருக்காது. கிழங்கு பழகியதும் உங்கள் இடது கையையே வரையுங்கள். அப்புறம் தாளை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டு வரையுங்கள், இப்போது அளவும் சரியாக வரத் தொடங்கும்.

இடைவெளியை வரைவது என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எதிரில் போட்டு, நாற்காலியை வரையாமல், கால்களுக்கு நடுவில் தெரிகிற தரையின் வடிவத்தை, கைப்பிடிக்குள் தெரிகிற சுவரின் வடிவத்தை மட்டும் வரைந்து கறுப்பாக்குங்கள். நாற்காலிக்குக் குறி மனசில் இருக்கிறது, இடைவெளிக்கு இல்லை. அதனால் இடைவெளிகளைச் சரியாகப் போட்டு முடித்ததும் நடுவில் வெள்ளையாக ஒரு நாற்காலி, சரியான கோணத்தில், தானாக நிற்கும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களையும் மிளகுக் கொடி ஏறிய தண்டுகளையும் இப்படித்தான் சமாளிக்க முடியும். இலை இலையாக வரையப் போனால் பொழுது சாய்ந்துவிடும். கிளைகளுக்கு நடுவில் தெரியும் வானத்தின் துண்டுகளை வரைந்தால் மரம் வந்துவிடும்.

இனி கன வடிவம். டபரா டம்ளர் ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். டம்ளரின் வாய் வட்டம்தான், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரிகிறது. டம்ளரை மெதுவாகக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள், நீள்வட்டம் மெலிந்து மெலிந்து கடைசியில் வெறும் கோடாகிவிடும். கீழே இறக்குங்கள், மறுபடி அகலும். இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது: மேசையில் இருக்கும் டம்ளரில், கண் மட்டத்திலிருந்து அடிப்பக்கம் இன்னும் தள்ளி இருப்பதால், அடி நீள்வட்டம் வாய் நீள்வட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வளைந்திருக்க வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் வாயை அழகாக வளைத்துவிட்டு அடியைத் தட்டையாக ஒரு நேர்க்கோட்டில் முடித்துவிடுவார்கள், மேசை தட்டை என்று மனசுக்குத் தெரியும் என்பதால். அதே மாதிரி நீள்வட்டத்தின் இரண்டு ஓரத்திலும் கூர்முனை வரக் கூடாது, எவ்வளவு மெலிந்தாலும் ஓரம் உருண்டுதான் திரும்பும். தண்ணீர்க் குடம், பூக்கூடை, லாரி டயர், கொலுசு, மனிதக் கை, கழுத்து எல்லாவற்றிலும் இந்த நீள்வட்டம் ஒளிந்திருப்பதால் இதில் செலவழிக்கிற நேரம் வீணே போகாது.

இப்போது அந்த மல்கோவாவைத் திரும்ப எடுங்கள், ஷேடிங் பழக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஒரு ஜன்னல் பக்கத்தில், வேறு லைட் எல்லாம் அணைத்துவிட்டு வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். ஜன்னல் இடப்பக்கம் என்றால் இடது தோளில் வெளிச்சம், நடுவில் மங்கல், வலப்பக்கம் இருட்டு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிக இருண்ட இடம் வலது விளிம்பில் இருக்காது என்பதை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு பட்டையாக அது ஓடும். விளிம்பை ஒட்டி மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் லேசாக ஏறியிருக்கும். அந்த எதிரொளியை விட்டுவிட்டு விளிம்புவரை கறுப்பாகத் தேய்த்தால் மாம்பழம் தட்டையாகிவிடும், அதை வைத்ததும் சட்டென்று உருண்டையாகிவிடும். வெள்ளைத் துணிமேல் வைத்தால் அந்த ஒளி அதிகமாகும், கறுப்புத் துணிமேல் வைத்தால் கிட்டத்தட்டக் காணாமல் போகும், இரண்டையும் வைத்து வரைந்து பாருங்கள். மேசைமேல் விழும் நிழலில் மிகக் கறுப்பான இடம் பழம் மேசையைத் தொடும் அந்த மெல்லிய கீற்று. அதில் 6பி-யை அழுத்தி ஒரு கோடு போட்டால் பழம் அந்தரத்தில் மிதக்காமல் உட்காரும். எதிரொளி எவ்வளவு ஏறினாலும் வெளிச்சப் பக்கத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்தப் பயிற்சிக்கு முன்னால் ஐந்து கட்டம் போட்டு, முதலாவது தாளின் வெள்ளை, கடைசி 6பி-யின் முழுக் கறுப்பு, நடுவில் மூன்று சாம்பல் என்று சீராக நிரப்பி வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். புதியவர்களின் படம் சோகையாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஐந்தாம் கட்டத்தைத் தொடவே பயப்படுவதுதான்.

வெளிச்சம் இருட்டு பற்றிப் பேசும்போது ஏற்காட்டுப் பனிமூட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் மலையில் ஏதாவது ஒரு திருப்பத்தில் நின்று பாருங்கள். பக்கத்துச் சரிவில் மரங்கள் கரும்பச்சையாக, தனித்தனியாகத் தெரியும். அடுத்த மலை ஒரே நிறமாகிவிடும். அதற்கும் பின்னால் இருப்பது வானத்தோடு சேர்ந்துவிடும் அளவுக்கு வெளுத்திருக்கும். நமக்கும் தூரத்து மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் இப்படி ஆகிறது, தூரம் கூடக் கூடக் கறுப்பு வெளுக்கும், விவரம் கரையும். இதை வரைய மூன்றே சாம்பல் நிறம் போதும். தாளை நான்கு அடுக்காகப் பிரித்து, முன் அடுக்கு மிகக் கறுப்பு, அடுத்தது நடுத்தரம், அதற்கு அடுத்தது லேசு, வானத்துக்குத் தாளின் வெள்ளை. ஒரு கோடுகூட அவுட்லைன் போடாமல் ஆழம் வந்துவிடும். மலைக்கு ஏற முடியாதவர்கள் சேலத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலைத்தொடரை மழை விட்ட மறுநாளும் நல்ல வெயில் நாளும் வரைந்து ஒப்பிடலாம். மழை விட்ட நாளில் மலை பக்கத்தில் வந்து நிற்கும், அதே மலைதான்.

மலைப் பாதை பெர்ஸ்பெக்டிவ் (தட்டையான தாளில் தூரத்தைக் காட்டும் முறை) படிக்கவும் நல்ல இடம். சமதளத்தில் நேராகப் போகிற ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேருவதாகத் தெரியும், அந்தப் புள்ளி நம் கண் மட்டத்தில் இருக்கும். இது புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில், 20 கொண்டை ஊசி வளைவில் எங்கே நின்று வரைந்தாலும் இந்த விதியை அப்படியே போட்டால் ரோடு சமமாகப் படுத்துவிடும், ஏறவே ஏறாது. ஏறுகிற ரோட்டின் ஓரங்கள் கண் மட்டத்துக்கு மேலே ஒரு புள்ளியில் சேரும், இறங்குகிற ரோட்டின் ஓரங்கள் கண் மட்டத்துக்குக் கீழே. ரோட்டோரம் இருக்கும் கடையின் ஜன்னலும் படியும் மட்டும் பழையபடி கண் மட்டத்துப் புள்ளிக்கே போகும், ஏனென்றால் கட்டடத்தைச் சரிவாகக் கட்டுவதில்லை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்பதால்தான் படம் பார்ப்பவருக்கு ஏற்றம் உறைக்கிறது. அடிவானம் எப்போதும் நம் கண் மட்டத்திலேயே இருக்கும் என்பதும் ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் நன்றாகப் புரியும், நாம் இவ்வளவு உயரம் ஏறியும் அடிவானம் கீழே போய்விடவில்லை, நம்மோடு ஏறி வந்திருக்கிறது, அதற்குக் கீழே ஊர் முழுக்க விரிந்து கிடக்கிறது.

ஆட்களை வரைவதற்கு வருகிறேன். இதில்தான் எல்லோருக்கும் பயம். அசைகிற மனிதரை முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து வரைய வேண்டும். முகம், விரல், பட்டன் எதுவும் வேண்டாம். தலையிலிருந்து ஊன்றிய கால்வரை ஓடும் ஒரே ஒரு வளைவை முதலில் போடுங்கள், அந்த ஆள் என்ன செய்கிறார் என்பது அந்த வளைவில் தெரிய வேண்டும். வலது கையில் கனமான பை தூக்கியவரின் உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இடது தோள் வேறு உயரத்தில் இருக்கும். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் அது பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து விழும். அப்படி விழாவிட்டால் படத்தில் இருப்பவர் சாயப்போகிறார் என்று அர்த்தம்.

தொடக்கத்தில் நடந்து போகிறவர்களைத் துரத்த வேண்டாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைத் தேடுங்கள். டீ மாஸ்டர் ஆற்றும்போது மேல் கை உயர்ந்து கீழ்க் கை தாழ்கிற அந்த நிலை நொடிக்கொருமுறை திரும்பி வரும், நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பரோட்டா மாஸ்டர் அப்படித்தான், தேங்காய் உரிப்பவர் அப்படித்தான். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் குழித்தறியில் (நெய்பவர் கால் வைக்கத் தரையில் குழி உள்ள கைத்தறி) நெய்கிற தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுமதி கேட்டு ஓர் ஓரமாக உட்காருங்கள். நூலைக் கொண்டு போகும் நாடா போய் வருவதும், கால் மிதியை மாற்றுவதும், உடம்பு முன்னே சாய்ந்து பின்னே வருவதும் ஒரே தாளத்தில் நடக்கும். ஒரே தாளில் முன்னே சாய்ந்த நிலைக்கு ஓர் இடம், பின்னே வந்த நிலைக்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டு, மாறி மாறி இரண்டிலும் ஒவ்வொரு கோடாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பொது இடத்தில் வரைந்தால் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள், நல்லதுதான். பழைய பஸ் ஸ்டாண்டு அருகில் பூக்கட்டும் ஓர் அக்காவை வரையலாமா என்று கேட்டு வரைந்துகொண்டிருந்தபோது, அவர் நார் முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல், "என்னையவா வரையுற கண்ணு? மூக்குத்திய வுட்றாத" என்றார். "சரிங்கக்கா" என்று ஒரு புள்ளி வைத்தேன். திரும்பிப் பார்த்து, "இப்ப நாந்தான்" என்று சிரித்தார். முகத்தில் வேறொன்றும் இல்லை, குனிந்த முதுகும் கைகளும் அந்தப் புள்ளியும்தான். ஒருவரை அவராக்குவது எந்த விவரம் என்று கண்டுபிடித்து அதை மட்டும் வைப்பதுதான் இல்லஸ்ட்ரேஷனின் பெரும் பகுதி, அதை அவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்.

விவரத்தைச் சிக்கனமாக வைக்கக் கொலுசு நல்ல பயிற்சி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் என்று வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிற ஊர் நம் சேலம், வீட்டிலும் ஒரு ஜோடி இருக்கும். மேசையில் கிடக்கும் கொலுசை வரையும்போது முதல் முத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கினால் பாதியில் அளவு தவறிவிடும். முதலில் மொத்தமாக அது கிடக்கும் வளைவு, அப்புறம் அதன் அகலம், அப்புறம் சலங்கைகள் தொங்கும் இடைவெளி. கண் முதலில் போகும் ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கே மட்டும் நான்கைந்து சலங்கையைப் பளபளப்போடு முழுசாக வரையுங்கள். தள்ளிப் போகப் போக அரை வட்டம், அப்புறம் வெறும் புள்ளி. பார்ப்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். எல்லாச் சலங்கையையும் ஒரே கவனத்தோடு வரைந்தால் நகைக்கடை விளம்பரமாகிவிடும், அதற்கும் இடம் உண்டு, ஆனால் கதையில் வரும் கொலுசுக்கு வேண்டாம்.

மற்றவர்கள் படத்தைப் பார்த்து வரையலாமா என்றால், தாராளமாக. பத்திரிகை ஓவியர் கோபுலு (1924–2015) வரைந்த ஒரு ஜோக் படத்தை எடுத்து ஒரு முகத்துக்கு எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள், வியப்பாக இருக்கும், அவ்வளவு குறைவு. கோயில் கோயிலாகப் போய் நேரில் உட்கார்ந்து சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பியிடம் ஷேடிங் படிக்கலாம், கல்லின் உருட்சி அவர் கோட்டில் இருக்கும். ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி படங்களைப் பார்த்தால் கோடு எவ்வளவு சுதந்திரமாகத் திரியலாம் என்று தைரியம் வரும். பார்த்து வரைந்ததோடு நிறுத்தாமல், அந்தப் படத்தை மூடி வைத்துவிட்டு, அதே முறையில் உங்கள் தெருவில் இருக்கும் ஒருவரை வரைய வேண்டும். அப்போதுதான் எடுத்துக்கொண்டது உங்களுடையதாகும். போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கிட்டப் போய் எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகி காது பின்னால் போய்விடும், நேரில் பார்த்துப் பழகிய கண்தான் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும்.

சரி, கதைக்குப் படம். இந்த நாலு வரியை எடுத்துக்கொள்வோம்:

"கடைசி பஸ் மலையிறங்கும்போது இருட்டிவிட்டது. பாட்டி மடியிலிருந்த ஆரஞ்சுப் பழப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பேரன் தூங்கிப்போயிருந்தான். கீழே சேலத்து விளக்குகள் வளைவுக்கு வளைவு இடமும் வலமும் மாறிக்கொண்டே இருந்தன."

பெரிய தாளில் உடனே தொடங்காமல், தீப்பெட்டி அளவில் ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிமிடத்தில் ஒரு யோசனை, குச்சி மனிதர்களே போதும். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பஸ்ஸுக்குள் பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருக்க, ஜன்னலில் விளக்குகள். தப்பில்லை, ஆனால் எழுத்து சொன்னதையே படம் திரும்பச் சொல்கிறது. அடுத்த கட்டத்தில் தூரப் போங்கள்: தாள் முழுக்கக் கறுப்பு மலை, நடுவில் சின்னதாக பஸ்ஸின் இரண்டு விளக்கு, கீழே ஊர். இடமும் தனிமையும் வந்துவிடும், பாட்டி போய்விடுவாள். மூன்றாவதில் ஜன்னலுக்கு வெளியே நின்று பாருங்கள்: கண்ணாடியில் ஊர் விளக்குகள் பிரதிபலிக்க, அதற்குப் பின்னால் பாதி மறைந்த பாட்டி முகம். நான்காவதில் முகமே வேண்டாம், பையைப் பிடித்த கைகளும், அதன்மேல் சாய்ந்த பையனின் தலையும். பஸ் இடப்பக்கம் திரும்பினால் ஆட்கள் வலப்பக்கம் சாய்வார்கள், அந்தச் சாய்வை வைத்தால் வளைவை வரையாமலே வளைவு வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் முப்பது விநாடிப் படம் போட்டதெல்லாம் இங்கேதான் கைகொடுக்கிறது.

மீதி இரண்டு கட்டத்தை நீங்களே யோசித்து நிரப்பிவிட்டு, ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்து, வரிகளில் இல்லாத எதை எந்தப் படம் தருகிறது என்று கேளுங்கள். எனக்குப் பிடித்தது நான்காவது, காரணம் பாட்டி ஏன் பையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாள் என்று அது யோசிக்க வைக்கிறது, அந்தப் பழம் யாருக்கு என்று வாசகர் மனசில் ஒரு கேள்வி விழுகிறது. உங்களுக்கு வேறு பிடிக்கலாம். தேர்ந்த படத்தை இன்னும் மூன்று தரம் அதே தீப்பெட்டி அளவில், இந்த முறை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே நிறத்தில் நிரப்புங்கள். இரவுக் காட்சி என்பதால் வெள்ளை கொஞ்சம்தான் கிடைக்கும், அதைப் பைக்குக் கொடுப்பதா, பையனின் நெற்றிக்குக் கொடுப்பதா? வெள்ளை போகும் இடத்துக்குத்தான் பார்ப்பவர் கண் முதலில் போகும். இதில் குழப்பம் தீர்ந்த பிறகே ஏ4-க்குப் போக வேண்டும். ஆட்கள் திரும்பியிருக்கும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தின் வலது ஓரத்தில் போடும் படத்தில் பாட்டி வலப்பக்கம் பார்த்தால் வாசகர் கண்ணும் பக்கத்தை விட்டு வெளியே போய்விடும், எழுத்து இருக்கும் பக்கம் திரும்பியிருப்பது நல்லது.

தினமும் எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். அரை மணி நேரம் கிடைத்தால் போதும். கோடு ஐந்து நிமிடம், பார்த்து வரைவது பதினைந்து நிமிடம், மீதியில் ஒரு சின்னக் கட்டத்தில் எதற்காவது கதைப்படம். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் வரையுங்கள். எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் கதைக்கு வருவேன் என்று காத்திருக்க வேண்டாம், மோசமாக வந்தாலும் முதல் வாரத்திலேயே கதைப்படத்தைத் தொடங்கிவிடுங்கள், எந்தப் பயிற்சி இன்னும் தேவை என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். பஸ் ஜன்னல் வளைந்து நின்றால் பெர்ஸ்பெக்டிவ் பக்கம் போங்கள், கை கையாக இல்லாவிட்டால் மறுபடி விளிம்புப் பயிற்சி.

படத்தை பேனாவிலோ மையிலோ முடித்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. பத்திரிகையில் வரும் படம் வரைந்த அளவில் வருவதில்லை, பெரும்பாலும் சுருக்கித்தான் போடுவார்கள். படத்தை உலோகத் தகட்டில் அச்சாக எடுத்து, அதாவது பிளாக் செய்து, அச்சடித்த காலத்தில் கோட்டுப் படத்துக்கான பிளாக்கில் மை படும் இடம், படாத இடம் இரண்டுதான் உண்டு, சாம்பல் வேண்டுமென்றால் ஓவியர் மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுத்தான் கொண்டுவந்தார். நெருக்கம் கொஞ்சம் கூடினால் சுமாரான தாளில் மை பரவி அந்த இடம் கட்டியாகக் கறுத்துவிடும். அதனால் உங்கள் படத்தைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் ஐம்பது சதவீதத்துக்குச் சுருக்கி ஒரு பிரதி எடுங்கள். பாட்டியின் புடவையில் மெனக்கெட்டுப் போட்ட மெல்லிய கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து அழுக்காகத் தெரிகிறதா, பையனின் இமைக் கோடு காணாமலே போய்விட்டதா என்று பாருங்கள். காணாமல் போனதில் கதைக்குத் தேவையானவற்றை மூலப்படத்தில் தடித்த கோடாக்குங்கள், தேவையில்லாதவற்றை அடுத்த படத்தில் போடவே வேண்டாம்.